வயலில் குழி போடும் முன்: தொல்லியல் களப்பணிக்கு வேண்டிய விவசாய அறிவு

உழுகிற நிலத்தில் அகழாய்வுக் குழி போட்டால், முதல் கால் மீட்டரில் வருவதெல்லாம் சமீபத்திய விவசாயம்தான். கலப்பை கீறிய கோடு, டயர் அழுத்திய மண், எருவோடு வந்து விழுந்த பானை ஓடு, அறுவடைத் தாள் எரித்த கரி. இவற்றை இனம் காணத் தெரியாதவர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, வரைந்து, எண் கொடுத்து ஒரு வாரத்தைத் தொலைப்பார். தெரிந்தவர் அரை நாளில் தாண்டிப் போய்விடுவார். கீழே கிடக்கும் பழைய வயலையும் பட்டியையும் போரடிக்கும் களத்தையும் படிக்கவும் இதே அறிவுதான் வேண்டும். பயிருக்கும் மாட்டுக்கும் தீங்கில்லாமல் வேலையை முடித்தால்தான் அடுத்த பருவத்துக்கும் அந்த நிலம் கிடைக்கும் என்பது தனிக் கணக்கு.

இறங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

அனுமதி யாரிடம் என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. நிலம் ஒருவர் பேரில் இருக்கும். குத்தகைக்கு உழுபவர் இன்னொருவர். அறுவடை முடிந்ததும் மேய்ச்சலுக்கு எடுத்திருப்பவர் மூன்றாமவர். மூவரிடமும் பேச வேண்டும். உரிமையாளரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு இறங்கினால், ஒரு நாள் காலையில் குழிக்குள் ஆடு நிற்கும்.

உழுபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் குழியின் வாசிப்பையே மாற்றக்கூடியது. எவ்வளவு ஆழம் உழுகிறீர்கள்? ஆழ உழவு எப்போதாவது போட்டீர்களா? மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமப்படுத்தியதுண்டா? வெளியிலிருந்து மண் கொண்டுவந்து அடித்ததுண்டா? தண்ணீர்க் குழாய், மின்கம்பி, வடிகால் குழாய் எந்தப் பக்கம் போகிறது? தூர்த்த கிணறு உண்டா? இந்த வயலில் எந்த இடத்தில் மட்டும் கலப்பை கல்லில் தட்டும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஒரே நிலத்தை உழுதவருக்குப் புதைந்த சுவர் எங்கே இருக்கிறது என்பது அதைச் சுவர் என்று அறியாமலே தெரிந்திருக்கும்.

செத்த மாட்டைப் புதைத்த இடத்தையும் கேளுங்கள். அடைப்பான் நோயில் செத்த விலங்கைப் புதைத்த மண்ணில் அந்தக் கிருமியின் ஸ்போர்கள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மனிதருக்கும் தொற்றும். முழு எலும்புக்கூடாக, தோல் உரித்த வெட்டுத்தடம் எதுவும் இல்லாமல், ஆழமான குழியில், சுண்ணாம்பு தூவிய நிலையில் ஒரு மாடு கிடைத்தால் பலிச்சடங்கு என்று எழுதுமுன் வேலையை நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள், அடுத்து எப்போது அடிப்பார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அடித்த பிறகு எத்தனை மணி நேரம் நிலத்துக்குள் போகக் கூடாது என்று மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டிலேயே போட்டிருக்கும். மருந்துக்கு மருந்து அது மாறும். மண்ணில் முழங்காலிட்டு நாள் முழுக்க உட்காரும் வேலைக்கு அந்தக் கெடுவைக் கொஞ்சமும் குறைக்கக் கூடாது.

பெரும்பாலும் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் காலம். அது எவ்வளவு என்பதைத் தேதியாகக் கேட்காமல், ‘உழவு போட மண் எப்போது பதமாகும்?’ என்று கேளுங்கள். மழை முந்தினால் அவரும் முந்துவார். நாம் குழியை மூட ஒதுக்கிய கடைசி மூன்று நாளும் போய்விடும்.

உழவுத் தடத்தைப் படிப்பது

கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் பொதுவாக 10 முதல் 15 செ.மீ. ஆழம் கிளறும். மண்ணைப் புரட்டிப் போடும் கலப்பை 20 முதல் 30 செ.மீ. இறங்கும். கெட்டிப்பட்ட அடிமண்ணை உடைக்க ஓட்டும் உளிக்கலப்பை 40 செ.மீ.க்கும் கீழே போகும். மேல் 25 செ.மீ.தான் கலங்கியிருக்கும் என்ற கணக்கு உளிக்கலப்பை ஓடிய நிலத்தில் செல்லாது. அது குறுகிய பிளவுகளாக, சீரான இடைவெளியில், இயற்கை மண்வரை கிழித்துக்கொண்டு போகும். அந்தப் பிளவு வழியாக நேற்றைய பிளாஸ்டிக் துண்டு பழைய மண்ணடுக்குக்குள் இறங்கிவிடும். கருமையான கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஒரே இடைவெளியில் வந்தால், வயலின் இன்றைய நீளவாக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வயல் ஓரத்தில், டிராக்டர் திரும்பும் பகுதியில், கோடுகள் குறுக்கே திரும்பியிருக்கும்.

அடிக்கடி ஏமாற்றுவது உழவடியில் இருக்கும் கெட்டிப் படலம். ஒரே ஆழத்தில் வருடக்கணக்காக உழுததாலும் சக்கரம் ஏறியதாலும், கலப்பை தொடும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சில செ.மீ. தடிப்பில் மண் தட்டுத்தட்டாக இறுகிக் கிடக்கும். கரண்டியால் சுரண்டினால் பளபளப்பாக, மிதித்துப் பழகிய வீட்டுத்தரை போலவே தெரியும். வேரைப் பார்த்தால் குட்டு உடையும். நேராக இறங்கிய வேர் அந்த மட்டத்தில் முட்டி, பக்கவாட்டில் மடங்கி ஓடியிருக்கும். படலம் இன்றைய மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றும். குழியின் நான்கு பக்கமும் ஒரே ஆழத்தில் வரும். நிஜத் தரை என்றால் எங்காவது ஒரு விளிம்பில் முடியும். மேலே சாம்பலோ, மட்டமாகப் படிந்து நசுங்கிய சிறு ஓடுகளோ இருக்கும்.

மண்ணைப் புரட்டாமல் கீறி மட்டும் விடும் மரக்கலப்பையின் தடம் வேறு மாதிரி. இரண்டு சாலுக்கு நடுவே உழாத முதுகு ஒன்று நிற்கும். அதை உடைக்கக் குறுக்கே மறுபடியும் ஓட்ட வேண்டும். அதனால் பழைய தடங்கள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகக் கிடைக்கின்றன. கட்டத்தின் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு உழவு என்று எண்ணி விடக் கூடாது. அடிமண்ணைத் தொட்ட ஆழமான கீறல் மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது. தொடாதது மேல்மண்ணோடு கலைந்து போயிருக்கும். கொழு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கீறலின் குறுக்குவெட்டும் ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓட்டினார்கள் என்பதைக்கூடச் சில சமயம் அதிலிருந்து சொல்லலாம்.

ராஜஸ்தானின் காளிபங்கனில் கிடைத்த முந்து ஹரப்பா கால உழுத வயல் இதற்கு நல்ல பாடம். ஒரு திசையில் சால்கள் ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாகவும், குறுக்குத் திசையில் ஏறத்தாழ 1.9 மீ. இடைவெளியில் அகலமாகவும் இருந்தன. அகழாய்வு நடந்த காலத்திலும் சுற்றுவட்டார விவசாயிகள் அதே பாணியில்தான் உழுதார்கள். நெருக்கமான சாலில் பயறு, அகலமான சாலில் கடுகு. உயரமாக வளரும் கடுகின் நிழல் குட்டைப் பயிர்மேல் அதிகம் விழாமல் இருக்க இந்த இடைவெளி என்பது அவர்கள் கணக்கு. குழியில் கிடைத்தது வெறும் கோடுகள். அது கலப்புப் பயிர் வயலாக இருக்கலாம் என்ற விளக்கம் பக்கத்து வயலிலிருந்து வந்தது.

கலப்பை பொருட்களை இடம் மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். மண்புழு மாற்றுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புழு நுண்ணிய மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கூழாங்கல்லும் ஓடும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். டார்வின் 1881-இல் இதை விரிவாக எழுதினார். உழாமல் புல்லாக விட்ட நிலத்தில் பழைய மேற்பரப்பில் கிடந்த பொருட்களெல்லாம் ஒரே மட்டத்தில் வரிசையாகக் கிடந்தால், அது மக்கள் நடந்த தரையா, புழு இறக்கிவிட்ட எல்லையா என்று யோசிக்க வேண்டும். நுண்மண் முழுக்க மேலே, கல்லெல்லாம் ஒரு கோட்டில் கீழே என்று பிரிந்திருந்தால் புழுவின் வேலைதான்.

சரிவான நிலத்தில் உழவு மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும். மேல் வரப்பை ஒட்டி மண் மெலிந்து, கீழ் வரப்பில் குவிந்திருக்கும். மேல்பக்கம் குழி போட்டு ‘இங்கே எதுவும் இல்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அங்கே இருந்தது எப்போதோ சீவிப் போய்க் கீழ்வரப்பின் மண்ணில் கலந்திருக்கும். கீழ்ப்பக்கம் ஒரு மீட்டர் மண்ணுக்கு அடியில் பழைய மேற்பரப்பு கலையாமல் காத்திருக்கவும் கூடும்.

பயிர் காட்டும் கோடு, பயிர் சொல்லும் பொய்

புதைந்த பள்ளத்தின் மேல் மண் ஆழமாக இருப்பதால் ஈரம் நிற்கும். பயிர் உயரமாக, கரும்பச்சையாக, தாமதமாகப் பழுக்கும். புதைந்த சுவரின் மேல் குட்டையாகி முதலிலேயே மஞ்சளாகும். வறட்சியில்தான் இந்த வேறுபாடு எடுப்பாகத் தெரியும். 2018-இன் வறண்ட கோடையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற புதிய கற்காலக் கல்லறை மேட்டின் பக்கத்தில் அதுவரை தெரியாதிருந்த ஒரு பெரிய வட்ட அமைப்பு டிரோன் படத்தில் பளிச்சென்று வெளிப்பட்டது அப்படித்தான். கோதுமை, பார்லி போன்ற தானியப் பயிர் நன்றாகக் காட்டும். மேய்ச்சல் புல் சுமார்தான், கடும் வறட்சியில் மட்டும் பேசும். கிழங்குப் பயிரிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பொய்யும் நிறைய உண்டு. உரம் தூவும் இயந்திரம் இரண்டு முறை ஏறிய பட்டை கரும்பச்சையாக நிற்கும், விட்டுப்போன பட்டை வெளிறும். இரண்டும் நேர்க்கோடு, இயந்திரத்தின் அகலத்துக்குச் சமமான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். மீன்முள் வடிவில் கிளை பிரியும் கோடுகள் வடிகால் குழாய். ஒழுங்கில்லாத கரும்பச்சைத் திட்டு பழைய எருக்குவியல் இருந்த இடமாக இருக்கலாம். வட்டம்தான் எல்லோரையும் மயக்குவது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் வளையத்தைச் சுற்றி மிதிபட்ட மண், முளையில் கட்டிப்போட்ட மாடு மேய்ந்த எல்லை, சில காளான்கள் புல்லில் உண்டாக்கும் வளையம் ஆகிய எல்லாமே வட்டம். தீவன வளையத்தின் தடம் சில மீட்டர் அகலம்தான் இருக்கும். கட்டுக்கயிற்று வட்டத்தின் நடுவில் முளை அடித்த துளை இருக்கும்.

புதைந்திருப்பதை மண்ணின் காந்த வேறுபாட்டால் தேடும் காந்தமானியை எடுத்துப் போகும் முன் தாள் எரித்த இடத்தையும், கம்பிவேலி முன்பு ஓடிய கோட்டையும், உடைந்த கொழுவும் கம்பியும் கொட்டிய மூலையையும் கேட்டு வரைபடத்தில் குறித்துவிடுங்கள். நகரக் கழிவிலிருந்து செய்த மட்கு உரம் போட்ட நிலம் மோசமானது. அதில் கலந்து வரும் சின்னச் சின்ன இரும்புத் துணுக்குகள் வயல் முழுக்க இரைச்சலாகத் தெரியும். அப்படிப்பட்ட நிலத்தில் மண்ணின் மின்தடையை அளக்கும் முறைக்குப் போவதே மேல். சாணமும் குப்பையும் மண்ணில் விட்ட பாஸ்பேட்டை அளக்கும் சோதனைக்கும் இதே எச்சரிக்கை. சூப்பர் பாஸ்பேட் வருடாவருடம் போட்ட நிலத்தில் மேல்மண்ணின் அளவு பழைய பட்டியையோ குப்பைமேட்டையோ காட்டாது. உரம் எட்டாத ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும்.

மேற்பரப்பு ஓடுகள்

வரிசையாக நடந்து மேலே கிடக்கும் ஓடுகளைப் பார்க்கும் மேற்பரப்பாய்வுக்கு ஏற்ற நேரம் உழுது ஒன்றிரண்டு மழை பெய்த பின், பயிர் மண்ணை மூடுவதற்கு முன். உழுத மறுநாள் போனால் ஓடும் மண்கட்டியும் ஒரே நிறத்தில் கிடக்கும். மழை கழுவிய பிறகு ஓடு தனியாகத் தெரியும். நடப்பவர்களின் இடைவெளியைச் சால் வரிசையை வைத்தே கணக்கிடலாம். விதைத்து முளை விட்டிருந்தால் டயர் தடத்தில் மட்டும் நடக்கச் சம்மதம் கேளுங்கள்.

வயலெங்கும் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும் சின்ன, மழுங்கிய ஓடுகள் ஊர் இருந்ததற்கு அடையாளம் ஆகாது. வீட்டுக் குப்பை சாணத்தோடு குப்பைமேட்டில் சேரும். அது மட்கி எருவாக வயலுக்குப் போகும். உடைந்த பானை மட்காமல் அதோடு போய் விழும். பிறகு வருடக்கணக்கான உழவில் சிறுத்து, விளிம்பு தேய்ந்து, வயல் முழுக்கச் சீராகப் பரவும். பெரிய ஓடு, கூர்மையான உடைப்பு, ஒரே பானையின் துண்டுகள், கூடவே அடுப்புக்கல்லும் எலும்பும் ஓர் இடத்தில் அடர்ந்திருந்தால் அங்கே குழி போடலாம். எருவோடு வந்த ஓடும் வீணில்லை. எந்தக் காலத்தில் எதுவரை எரு போட்டுத் தீவிரமாகப் பயிர் செய்தார்கள் என்ற எல்லையை அதுவே காட்டும்.

கரிந்த தானியம்

மண்மாதிரியை நீரில் மிதக்கவிட்டு எடுக்கும் கரிந்த விதைகளில் முதல் சந்தேகம் இன்றைய விவசாயத்தின் மேல் வர வேண்டும். தாள் எரித்த வயலில் புதிதாகக் கரிந்த தானியம் ஏராளம். களிமண் நிலம் வெயிலில் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகவும், எறும்பு வளை, வேர் அழுகிய துளை வழியாகவும் அது கீழே இறங்கிவிடும். நீர் தேங்காத, வறண்டும் போகாத சாதாரண நிலத்தில் கரியாத விதை எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இன்றையதே. கரிந்ததிலும், காலக்கணிப்புக்கு அனுப்பும் ஒற்றைத் தானியம் அந்த நிலத்தின் இன்றைய பயிராக இல்லாதிருந்தால் நல்லது. மாதிரி எடுக்கும்போது வெடிப்பும் வளையும் ஓடும் இடத்தைக் கரண்டி முனையால் வெட்டி ஒதுக்கிவிட்டு எடுங்கள். ஒரு மண்ணடுக்குக்கு 40 லிட்டராவது இருந்தால்தான் அரிதான விதைகள் சிக்கும். மிதப்பதைப் பிடிக்க 0.25 அல்லது 0.3 மி.மீ. கண் உள்ள வலை வேண்டும். அதைவிடப் பெரிய கண் வழியாகச் சின்னக் களைவிதைகள் ஓடிவிடும்.

அந்தக் களைவிதைகள்தான் கதை சொல்பவை. போரடித்தல், தூற்றுதல், பெருங்கண் சல்லடை, சிறுகண் சல்லடை, கடைசியில் கையால் பொறுக்குதல் என்று தானியம் ஒவ்வொரு படியாகச் சுத்தமாகிறது. ஒவ்வொரு படியிலும் கழியும் பொருள் வேறு. தூற்றும்போது பதரும் லேசான விதையும் காற்றோடு போகும். பெருங்கண் சல்லடையில் தாள்கணுவும் போரில் உதிராத கதிர்த்துண்டும் தங்கும். சிறுகண் சல்லடையில் சின்னக் களைவிதையும் நொய்யும் கீழே விழும். தானியத்தின் அளவும் எடையும் கொண்ட களைவிதை மட்டும் எந்தச் சல்லடைக்கும் காற்றுக்கும் அசையாமல் கடைசிவரை கூடவே வரும், கையால்தான் பொறுக்க வேண்டும். தொல்தாவர ஆய்வாளர்களான கார்டன் ஹில்மன் துருக்கியிலும் கிளினிஸ் ஜோன்ஸ் கிரேக்கத் தீவான அமோர்கோஸிலும் விவசாயிகளோடு இருந்து இந்தப் படிகளைப் பதிவு செய்தார்கள். உங்கள் மாதிரியில் சின்னக் களைவிதையே மிகுதி என்றால் அது சல்லடைக் கழிவு, அடுப்பில் போட்டது. தானியமும் அதே அளவுக் களைவிதையும் மட்டுமென்றால் சேமிப்பில் இருந்தது எரிந்திருக்கிறது. பதர் கிடைக்கவில்லை என்பதை வைத்து மட்டும் ‘இங்கே போரடிக்கவில்லை’ என்று எழுதக் கூடாது. பதர் லேசானது, தானியம் கரியாகும் சூட்டில் அது சாம்பலாகிவிடும். சாணத்தை எரித்தாலும் களைவிதை வரும். அது வயல் களையாக இருக்காது, மேய்ச்சல் நிலத்துச் செடியாக இருக்கும்.

தானியக் குழிகளைப் பற்றி ஒன்று. காற்றுப் புகாமல் களிமண்ணால் மூடிய குழியில், சுவரை ஒட்டிய தானியம் ஈரம் பட்டு முளைக்கத் தொடங்கும். அது உயிர்வளியைத் தீர்த்து, கரிவளியை நிரப்பும். அதோடு முளைப்பும் பூச்சியும் நின்று, மீதித் தானியம் கெடாமல் இருக்கும். இங்கிலாந்தின் பட்சர் பரிசோதனைப் பண்ணையில் பீட்டர் ரெனால்ட்ஸ் 1970களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். ஆகவே குழிச்சுவரை ஒட்டி முளைத்த தானியம் ஒரு மெல்லிய படலமாகக் கிடைத்தால் சேமிப்பு கெட்டதாகப் பொருளில்லை. மூடி சரியாக இருந்ததற்கே அது சாட்சி. குழிக்குள் ஆழம்வரை எல்லாமே முளைத்திருந்தால்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கம்பம், வாசல், பட்டி

கம்பம் அழுகுவது தரைமட்டத்தில். அங்கேதான் காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கும். அடிப்பகுதி பல வருடம் தாங்கும். அழுகிய கம்பத்தைப் பிடுங்க அசைத்து அசைத்து இழுத்திருந்தால் குழியின் வாய் ஒரு பக்கம் அகன்றிருக்கும். வெட்டி விட்டிருந்தால் நடுவில் கருத்த மண் நேராக இறங்கும். கம்பத்தின் மொத்த நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை மண்ணுக்குள் போகும் என்பது வேலி போடுபவர்களின் கணக்கு. 60 செ.மீ. குழிக்கு மேலே ஏறத்தாழ 1.2 முதல் 1.8 மீ. உயரம் என்று வைக்கலாம், மேல்பக்கம் உழவில் சீவிப்போனதையும் சேர்த்துக்கொண்டால். டிராக்டரில் மாட்டித் துளைத்த இன்றைய குழி மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமாக இருக்கும். அடித்து இறக்கிய கம்பத்துக்குக் குழியே இருக்காது, கூர்முனையின் தடம் மட்டும்தான்.

வரிசையில் இரண்டு கம்பக்குழி மட்டும் பெரிதாக, ஆழமாக இருந்தால் அது வாசல். கதவு அங்கே தொங்கும், இழுவிசை முழுவதும் அந்தக் கம்பத்தில்தான். வாசலில் மாடுகள் நெருக்கியடித்து மிதிப்பதால் தரை பள்ளமாகி, கல் போட்டு நிரப்பியிருப்பார்கள். வாசல் எங்கே என்பதும் முக்கியம். ஆடுமாட்டை ஓட்டும்போது அவை வேலியை ஒட்டியே ஓடி மூலையில் போய்ச் சேரும். அதனால் மந்தைக்கான நிலத்தில் வாசலை மூலையில் வைப்பது சுலபம். ஆடு வளர்ப்பவரும் தொல்லியலாளருமான பிரான்சிஸ் பிரையர், இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே ஃபெங்கேட்டில் கிடைத்த வெண்கலக் கால வயல்களைக் கால்நடைக்கான நிலங்கள் என்று இனம் கண்டார். மூலை வாசல்களும் இருபுறமும் பள்ளம் கட்டிய மந்தைப் பாதைகளும் அதற்குத் துணை நின்றன.

பட்டி என்று எழுதுமுன் தண்ணீர்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த மாடு வெயில் நாளில் 40 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், கறவை மாடு இன்னும் அதிகம். 50 மாடு என்றால் நாளுக்கு 2,000 லிட்டர். 10 லிட்டர் பாத்திரத்தால் கிணற்றிலிருந்து இறைத்தால் 200 முறை. பக்கத்தில் ஓடையோ குட்டையோ இல்லாத அடைப்பு மாட்டுக்கு இரவு தங்கல் மட்டுமாக இருந்திருக்கும், அல்லது ஆட்டுக்கானதாக. ஆடு சில லிட்டரில் சமாளித்துவிடும்.

பல்லும் வயதும்

ஆட்டை வாங்குபவர் வாயைத் திறந்து பார்ப்பது கீழ்த்தாடையின் முன்பல்லை. செம்மறியில் முதல் ஜோடி நிலைப்பல் ஒன்று முதல் ஒன்றரை வயதில் வரும். பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு ஜோடி. நான்கு வயதை ஒட்டி எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். தீவனம் மோசமானால் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அகழாய்வில் இந்த முன்பற்கள் தாடையிலிருந்து கழன்று காணாமல் போவதால் கடைவாய்ப் பல்லின் தேய்வையே நம்ப வேண்டியிருக்கிறது. மணல் கலந்த மேய்ச்சலில் பல் வேகமாகத் தேயும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

விலங்கெலும்பு ஆய்வாளர் செபாஸ்டியன் பெய்ன் 1973-இல் துருக்கியின் அஷ்வான் காலே அகழிடத்து ஆட்டுத் தாடைகளை வைத்து வகுத்த மாதிரியைத்தான் பலரும் பயன்படுத்துகிறோம். இறைச்சிக்கு என்றால் வளர்ந்து முடியும் பருவத்தில் கிடாக்களை வெட்டுவார்கள், பாலுக்கு என்றால் குட்டிகளைச் சீக்கிரமே கழிப்பார்கள், கம்பளிக்கு என்றால் வயதானவையும் மந்தையில் நிற்கும். இதில் இரண்டு தடங்கல். குட்டி எலும்பு மென்மையானது, நாய் மிச்சம் வைக்காது. அதனால் குட்டிச்சாவு எப்போதும் குறைவாகவே தெரியும். அடுத்து, கன்று முட்டினால்தான் பால் விடும் பசுக்கள் உண்டு. அங்கே கன்றைக் கொன்றால் பாலும் போச்சு. கன்று எலும்பு இல்லை, ஆகவே பால் கறக்கவில்லை என்ற வாதம் மாட்டு விஷயத்தில் நிற்காது.

உயிரோடு இருக்கும் மாடுகள்

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். திறந்திருந்தால் திறந்தே. தண்ணீருக்குப் போகத் திறந்து விட்டிருப்பார்கள், நல்லெண்ணத்தில் மூடினால் மந்தை தாகத்தில் நிற்கும். ஏறிக் குதிக்க வேண்டி வந்தால் கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள், கதவு தொங்கிப் போகாது. மின்வேலி ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை பல ஆயிரம் வோல்ட் துடிப்பைத் தரும். ஆளைக் கொல்லாத மின்னோட்டம்தான், ஆனால் ஈரமான உலோக நாடாவோ அளவுக்கோலோ பட்டால் தூக்கிவாரிப் போடும். வேலை நடக்கும் பக்கத்தை அணைக்கச் சொல்லுங்கள், சாயங்காலம் திரும்பப் போட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காளையைவிடக் கன்று போட்ட பசுவிடம் அதிக எச்சரிக்கை வேண்டும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகக் கூடாது. நாயைக் கூட்டிப் போகவே கூடாது. நகர்த்த வேண்டுமானால் தோள்பட்டைதான் கணக்கு. தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் மாடு முன்னே போகும், முன்னால் நின்றால் பின்வாங்கும். இளம் கிடாரிகள் ஆவல் மிகுந்தவை. அளவைக் கருவியின் முக்காலியை உரசும், கை வியர்வையின் உப்புக்காகக் கருவியை நக்கும், குழிக்குக் கட்டம் போட்ட கயிற்றைக் கடிக்கும்.

அங்கேதான் உண்மையான ஆபத்து. மாடு நாக்கால் சுருட்டி விழுங்கும், மென்று பிரிக்காது. கட்டம் போட அடித்த ஆணியோ கம்பித்துண்டோ புல்லோடு போனால் இரண்டாம் வயிற்றில் தங்கும். அங்கிருந்து சுவரைக் குத்தி, சற்று முன்னால் இருக்கும் இதயம்வரை போகும். பிளாஸ்டிக் பையும் நைலான் கயிறும் வயிற்றை அடைத்துக் கொல்லும். ஆகவே ஆணியை எண்ணி அடியுங்கள், எண்ணி எடுங்கள். எண்ணிக்கையைக் களக்குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒன்று குறைந்தால் உலோகம் தேடும் கருவியோடு போய்த் தேடுங்கள். தீவனப்பயிர் நிலத்தில் இரும்பு முளையே வேண்டாம். வெட்டும் இயந்திரத்தின் கத்தியும் உடையும், சிதறிய இரும்பு தீவனத்திலும் சேரும். மரமுளை போதும், தலையில் பளிச்சென்ற வண்ணம் அடித்து.

குழியைச் சுற்றி விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வேலி போடுங்கள். விளிம்பை ஒட்டிப் போட்டால் மாடு சாயும்போது வேலியும் விளிம்பும் சேர்ந்து உள்ளே போகும். ஒரு பக்கம் சரிவாக விட்டால், தப்பி விழுந்த ஆடு தானே ஏறி வரும். சினையாட்டையோ அடர்ந்த உரோமத்தோடு இருக்கும் செம்மறியையோ மல்லாந்து கிடக்கக் கண்டால் உடனே புரட்டி நிறுத்துங்கள், தள்ளாட்டம் நிற்கும்வரை பிடித்திருங்கள். அப்படியே விட்டால் வயிற்றில் வாயு சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துவிடும்.

உடல்நல விஷயங்கள் சுருக்கமாக. டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்க வேண்டும். எலிச்சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் உண்டு, கையில் வெட்டு இருந்தால் மூடுங்கள். கர்ப்பிணிகள் ஈனும் ஆடுகள், நஞ்சுக்கொடி, கருச்சிதைவுக் கழிவு எதன் பக்கமும் போகக் கூடாது. சாணக்குழம்புத் தொட்டியைக் கலக்கும்போது வரும் வாயு சில மூச்சில் ஆளைச் சாய்க்கும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சாகிறார். ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணி, டயர், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிவிட்டு அதன்பிறகு கிருமிநாசினி போடுங்கள். சாணம் ஒட்டியிருக்கும்போது மருந்து வேலை செய்யாது.

குழியை மூடுவது

நன்றாக மூடுவது தோண்டும்போதே தொடங்குகிறது. இயந்திரம் இறங்கும் முன் உழவு ஆழத்து மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. திரியாக உடையாமல் உருண்டால் ஈரம் அதிகம், வண்டி ஏறினால் மண் இறுகிவிடும், சில பருவத்துக்கு விளைச்சல் தட்டும். உதிர்ந்தால் ஏற்றலாம். மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாக, நடுவே ஆள் நடக்க இடம் விட்டுக் குவியுங்கள். இரண்டும் கலந்தால் வெளிறிய அடிமண் மேலே வந்து, அந்தச் செவ்வகம் வருடக்கணக்கில் பயிரில் தெரியும். புல்தரையாக இருந்தால் 5 முதல் 8 செ.மீ. தடிப்பில் புல்தட்டாக வெட்டி, புல்லோடு புல் முகம் பார்க்க அடுக்கி, வெயிலில் தண்ணீர் தெளித்து வையுங்கள். ஓரிரு வாரத்துக்கு மேல் தாங்காது.

வடிகால் குழாய் உடைந்தால் கல்லைத் திணித்து மூடிவிடாதீர்கள். இரு முனையின் ஆழத்தையும் அளந்து, அதே விட்டத்துக் குழாயை அதே சரிவில் வைத்து, அடியில் மண்ணை இறுக்கி இணைத்து, உழுபவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மூடுங்கள். சரிவு மாறினால் அடுத்த மழைக்காலத்தில் வயல் நடுவே சேறு நிற்கும்.

தோண்டிய மண் கால் பங்கு பெருத்துத் தெரியும். அத்தனையும் குழிக்குள் போகாது போலிருக்கும். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் மிதித்தோ இயந்திரத்தால் அழுத்தியோ இறக்குங்கள். மேல்மண் கடைசியில், அழுத்தாமல், சுற்றுமட்டத்தைவிட 10 செ.மீ. மேடாக. அடையாளத்துக்கு விரிக்கும் துணி உழவு எட்டாத ஆழத்தில் இருக்கட்டும், மேலே இருந்தால் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். குழியின் மூலைகளை அளந்து உழுபவரிடம் ஒரு படம் கொடுங்கள், முதல் உழவில் கனத்த வண்டியை அந்த இடத்தில் நிறுத்தாமல் இருக்க. முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பார்த்து, இறங்கியிருந்தால் விதைப்புக்கு முன்பே மேல்மண் போட்டு நிரவிவிட வேண்டும். அதற்கான வண்டிச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.